பழைய நெகற்றிவ்களை எறிந்துவிடாதீர்கள்

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே கிடந்தன. பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் இருந்த பை ஒன்றை மட்டும் அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு போய்ப் பார்த்தபோது சுவர்கள் நின்றன, அலுமாரி இல்லை.

பல வருடங்கள் கழித்து, இங்கே ரொறன்ரோவில் அந்தப் பையை ஒதுக்கும்போது உறுதிக் கடதாசிகளுக்கு நடுவில் ஒரு ஸ்ரூடியோ உறை அகப்பட்டது. உள்ளே நெகற்றிவ் துண்டுகள் 6, துண்டுக்கு 6 படம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அக்காவின் சாமத்தியவீடு. முகங்கள் கறுப்பாகவும் தலைமுடி வெளிறியும் தெரிந்தாலும் அக்காவை உடனே அடையாளம் தெரிந்தது.

படம் எடுப்பது எனக்கு நெடுநாளைய பொழுதுபோக்கு. என் பையில் இப்போது இரண்டு கமராக்கள் இருக்கின்றன. ஒன்று 1980களில் செய்யப்பட்ட பிலிம் கமரா, மற்றது டிஜிற்றல். 'இரண்டில் எது திறம்?' என்று நண்பர்கள் கேட்பார்கள். இரண்டும் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்கே தேவை இராது.

பிலிம் என்பது மெல்லிய பிளாஸ்ரிக்கின் மேல் பூசப்பட்ட ஜெலற்றின் படலம். அதற்குள் வெள்ளி உப்பின் நுண்மணிகள் இருக்கும். வெளிச்சம் பட்ட மணிகள் கழுவும் திரவத்தில் வெள்ளியாக மாறும். கலர் பிலிமில் இப்படி மூன்று வகைப் படலங்கள் உண்டு. அவற்றில் சாயங்கள் உருவானதும் வெள்ளி அகற்றப்படும். 1972 முதல் உலகம் முழுவதும் பெரும்பாலும் ஒரே முறையில்தான் கலர் நெகற்றிவ் கழுவுகிறார்கள். முதல் திரவம் 38 பாகை செல்சியஸ், அதில் 3 நிமிடம் 15 செக்கன். கழுவி முடிந்தபின் படம் ஒரு பொருளாகிவிடும். அதைப் பார்க்கக் கணினியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

டிஜிற்றல் கமராவில் பிலிம் இருந்த இடத்தில் சென்சர் இருக்கிறது. அதிலுள்ள கோடிக்கணக்கான சிறு புள்ளிகள் தம்மேல் விழும் வெளிச்சத்தை அளந்து எண்களாக்குகின்றன. முதலாவது டிஜிற்றல் கமராவை 1975இல் செய்தவர் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசற்றில் பதிய அதற்கு 23 செக்கன் எடுத்தது. பிலிம் விற்றே பெருத்த அதே நிறுவனம் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஆனாலும் பிலிம் செத்துப்போகவில்லை. 2024இல்கூட பென்ராக்ஸ் புதிய பிலிம் கமரா ஒன்றை வெளியிட்டது.

கையில் எடுத்தால் வித்தியாசம் விளங்கும். பிலிம் சுருளில் 36 படம்தான், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுப்போம். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் கலர் நெகற்றிவ் தாங்கும், குறைந்தால் இருட்டில் இருப்பது பதியாது. டிஜிற்றல் இதற்கு எதிர். இருட்டில் இருப்பதை ஓரளவு மீட்கலாம். கோயில் வெயிலில் வெள்ளை வேட்டி வெளிறிவிட்டால் அதன் மடிப்பைத் திரும்ப எடுக்கவே முடியாது.

பழுதாகும் விதமும் வேறு. கலர் பிலிமின் சாயம் மெல்ல மெல்ல மங்கும், வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். டிஜிற்றல் படம் மங்காது, ஆனால் போனால் ஒரேயடியாகப் போகும். என் மகளின் முதல் நான்கு வருடப் படங்கள் ஒரே வன்தட்டில் இருந்தன. ஒருநாள் அது இயங்கவில்லை. பிழை என்னுடையது, இரண்டாவது பிரதி வைத்திருக்கவில்லை. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த 6 துண்டு நெகற்றிவ் பத்திரமாக இருக்க, சொந்த வீட்டு மேசையில் இருந்த ஆயிரக்கணக்கான படங்கள் போய்விட்டன.

அதன்பிறகு டிஜிற்றல் கமராவைக் கொண்டே அந்த நெகற்றிவ்களைப் பிரதியெடுத்தேன். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

கிட்டவுள்ள பொருளை எடுக்கும் மக்ரோ லென்ஸ் வேண்டும். நெகற்றிவ் படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர், 'புல் பிரேம்' சென்சரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பழைய பிலிம் காலத்து மக்ரோ லென்ஸைக்கூட இணைப்பு வளையம் போட்டுப் புதிய கமராக்களில் பூட்டலாம். கமராவை முக்காலியில் நேர் கீழ்நோக்கி நிறுத்தி, வெள்ளை எல்ஈடி பலகையின் மேல் நெகற்றிவைத் தட்டையாக வையுங்கள். கைத்தொலைபேசித் திரையை விளக்காகப் பாவித்தால் அதன் புள்ளிகளும் படத்தில் விழக்கூடும்.

ஓரத்தில் அச்சடித்த எழுத்து நேராக வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மறுபக்கம் வைத்தால் இடதும் வலதும் மாறி, சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விடும். துவாரம் எப்/8, மிகக் குறைந்த ஐஎஸ்ஓ, 2 செக்கன் ரைமர், கோப்பு 'றோ' வடிவம். பிறகு கணினியில் செம்மஞ்சள் சாயலை நீக்கி நிறங்களைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும்.

நெகற்றிவை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், சேலைத் தலைப்பால் துடைக்கவேண்டாம். பிரதி எடுத்து முடிந்ததென்று நெகற்றிவை எறியவும் வேண்டாம். பொலிபுறொப்பிலீன் உறையில் போட்டு ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், நிலக்கீழ் அறை அதற்கு ஏற்றதல்ல.

டிஜிற்றல் கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். சிதறிப்போன குடும்பங்களுக்கு இது ஒன்றாவது சுலபம். எங்கள் படங்கள் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனில் அக்கா வீட்டிலும் யாழ்ப்பாணத்தில் சித்தப்பாவிடமும் இருக்கின்றன.

பிலிம் கமராவோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கழுவாத பிலிமைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுபோய், கையால் சோதிக்கும்படி கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிரி ஸ்கானர்கள் அதைப் பழுதாக்கும்.

கடைசியாக, நெகற்றிவைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 8க்கு 10 அங்குலமாகப் பெருப்பித்தால் நெகற்றிவின் 36 மில்லிமீற்றர் அகலத்தில் 6 மில்லிமீற்றர் வெட்டுப்படும். எங்கள் விறாந்தையில் தொங்கிய அக்காவின் பெரிய படமும் அப்படி வெட்டப்பட்டதுதான். முழு நெகற்றிவையும் கணினித் திரையில் திறந்தபோது அம்மா கிட்ட வந்து பார்த்தார். இடது ஓரத்தில், குசினி வாசலில், கையில் தட்டத்தோடு அம்மம்மா நின்றார். எங்களிடம் அம்மம்மாவின் வேறு படம் கிடையாது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய உறை ஏதாவது கிடக்கலாம். ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் உங்களோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.