மெய்நிகர் கணிப்பொறிகளும் அவற்றின் களஞ்சியமும்

ஒரு கணிப்பொறியின் உள்ளே பத்துக் கணிப்பொறிகள் குடியிருக்கின்றன என்று நான் கூறினால், மாணவர்களே, உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. நீங்கள் தேர்வு முடிவை அறிய நாடும் கணிப்பொறி ஒரு தனிப் பெட்டியாக எங்கோ வீற்றிருக்கிறது என்று எண்ண வேண்டா. வலிமை மிக்க இயந்திரம் ஒன்றனுள், தமக்கென ஒரு முழு இயந்திரம் இருப்பதாகவே கருதிக்கொண்டு இயங்கும் பல தொகுதிகளுள் அதுவும் ஒன்றாக இருத்தல் கூடும். இத்தகையதை மெய்நிகர் கணிப்பொறி என்பர். மெய்யை நிகர்ப்பது என்பது அதன் பொருள். பெயரே பாதி விளக்கத்தைச் செய்துவிடுகிறது.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய அறிவியல் மையத்தில், 1964-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரீசி என்பாரும் அவர்தம் தோழர்களும் சி.பி-40 என்னும் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். 1967 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே இயந்திரம் 14 இயந்திரங்கள் போலத் தோன்றிப் பலருக்கும் ஒரே வேளையில் ஊழியம் செய்தது. மெய்யான வட்டு ஒன்றைப் பல சிறு வட்டுகளாகக் கூறுபோட்டு, ஆளுக்கொன்று அளிக்கும் வழக்கமும் அந்த மரபில் வந்ததே. 1972-இல் வி.எம்/370 என்னும் பெயரோடு அம்மரபு வெளியுலகுக்கு வந்தது. மேசைக் கணிப்பொறிகளின் இனத்துக்கு இவ்வித்தையைக் கொணர்ந்து பெயர் பெற்ற வி.எம்.வேர் நிறுவனம் 1998-இல் தோன்றியது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு மூளை எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு நினைவும் இன்றியமையாதது. மெய்நிகர் கணிப்பொறிக்கும் எழுதி வைத்துக்கொள்ள ஒரு வட்டு வேண்டும். அந்த வட்டும் மெய்யானதன்று. வெளியிலிருந்து நோக்கினால் அது ஒரு பெரிய கோப்பு, அவ்வளவே. உள்ளிருக்கும் இயந்திரமோ அதனைத் தன் சொந்த வட்டு என்று நம்பி, அதில் எழுதுகிறது, அழிக்கிறது. இப்படிப் பல கோப்புகளைத் தாங்கி நிற்கும் பொதுச் சேமிப்பிடத்தைக் களஞ்சியம் என்று நாம் வழங்குவோம். களஞ்சியத்தைக் காப்பவன் ஓயாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு. இடம் எவ்வளவு மீந்திருக்கிறது? கேட்டது எவ்வளவு விரைவில் கைக்கு வருகிறது? முதல் வினா இடத்தைப் பற்றியது. இரண்டாவது காலத்தைப் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். பாதி காலியாக இருக்கும் களஞ்சியம் ஆமை போல் நகர்வதும் உண்டு. நிறைந்து வழியும் நிலையிலுள்ளது விரைந்து விடை தருவதும் உண்டு.

இடத்தை முதலில் காண்போம். பத்து மெய்நிகர் கணிப்பொறிகளுக்கு ஆளுக்கு 100 ஜிகாபைட் வேண்டும் என்று கேட்கிறார்கள். மொத்தம் 1000. கேட்பவர் எப்போதுமே வருங்காலத்தையும் சேர்த்துக் கேட்பார்; இன்று உண்மையில் எழுதியிருப்பது ஆளுக்கு 30 ஆக இருக்கும். ஆதலின் 500 ஜிகாபைட் களஞ்சியம் ஒன்றை வைத்துக்கொண்டு, பத்துப் பேருக்கும் 100 என்றே வாக்களித்து, அவரவர் எழுத எழுத மட்டும் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். இதற்கு மெல்லிய ஒதுக்கீடு என்று பெயர். ஏரியின் கொள்ளளவுக்கு மீறி ஆயக்கட்டை வளர்த்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நாளில் மடை திறக்கக் கேட்கமாட்டார் என்று நம்பியிருக்கும் நிலையை இது ஒத்தது. நம்பிக்கை தவறன்று. ஆனால் கரையில் நின்று நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கும் நீர்க்கட்டி ஒருவர் இல்லாத ஊரில் அந்த நம்பிக்கை எவ்வளவு நாள் நிலைக்கும்?

நீர் வற்றினால் பயிர் வாடும் வரை சில நாள் கிடைக்கும். களஞ்சியம் நிறைந்தால் அத்தகைய அவகாசம் கிடைப்பதில்லை. புதிய இடம் கேட்கும் மெய்நிகர் கணிப்பொறி கேட்ட அந்தக் கணமே நின்றுபோகும். இதில் வருந்தத்தக்கது என்னவெனில், இடத்தை விழுங்கியது ஒன்று, நிற்பது மற்றொன்று. தன் வேலையை அளவோடு செய்துகொண்டிருந்த இயந்திரமும், பாவம், அடுத்த வரியை எழுத இடமின்றி நின்றுவிடுகிறது.

ஓய்வு பெற்ற பின்னர், கல்வி நிலையம் ஒன்றில் மதிப்பெண் பதிவைச் சரிபார்க்கும் பணிக்கு நான் சில நாள் சென்றதுண்டு. ஒரு நாள் முற்பகலில் மதிப்பெண் பதியும் கணிப்பொறியும், வருகைப் பதிவும், நூலகக் கணக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. பட்டியலை அனுப்ப இரண்டே நாட்கள் இருந்தன. வெளியூர்க் கல்லூரிகளில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்த பிள்ளைகள் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருந்தனர். ஆராய்ந்ததில், யாரோ ஆறு மாதத்துக்கு முன் ஒரு கணிப்பொறிக்கு எடுத்துவைத்த ஸ்நாப்ஷாட் என்னும் நிலைப்பதிவே காரணம் என்று தெரியவந்தது. நிலைப்பதிவு என்பது நகல் அன்று. அதை எடுத்த கணம் முதல் மூல வட்டு தொடப்படாமல் அப்படியே நிற்க, அதன்பின் நிகழும் மாற்றங்கள் யாவும் வேறொரு கோப்பில் எழுதப்படும். அக்கோப்பு நாளும் வளரும்; மூல வட்டின் அளவை எட்டும் வரையிலும் வளரலாம். ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஒரு நாள் பாதுகாப்புக்காக எடுப்பது அறிவுடைமை. அதை மறந்துவிடுவதுதான் இடர். அழித்துவிட்டால் தீர்ந்தது என்று ஓர் இளைஞர் முன்வந்தார். அங்கிருந்த மூத்த பொறியாளர் அவர் கையைப் பற்றித் தடுத்துவிட்டார். மாற்றங்களை மூலத்தோடு சேர்த்தெழுதும்போது மூலம் பெருக இடம் வேண்டுமே! முதலில் பயன்பாட்டில் இல்லாத சிறு கணிப்பொறி ஒன்றை வேறு களஞ்சியத்துக்கு அகற்றி, கிடைத்த இடத்தைக் கொண்டு சேர்க்கும் வேலையை அவர் தொடங்கினார். மாலை ஏழு மணிக்கு எல்லாம் உயிர்பெற்றன. பட்டியல் எழுதுவோர் அன்றிரவு உறங்கவில்லை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. உள்ளிருக்கும் இயந்திரத்தில் ஒரு கோப்பை அழித்தால் களஞ்சியத்தில் இடம் மீளும் என்று நினைப்பீர்கள். அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையில் ஒரு குறியை மாற்றுவதே ஆகும். உள்ளே 40 ஜிகாபைட் அழித்தாலும், அவ்விடம் காலி என்பது வெளியிலுள்ள களஞ்சியத்துக்குத் தெரியாது. இந்தப் பகுதி இனி எனக்கு வேண்டா என்று உள்ளிருப்பது வெளியே சொல்ல ஒரு தனி ஆணை தேவை. அவ்வாணை வழங்கப்படும் ஏற்பாடு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளாதவர், வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை ஒப்படைக்காத குடித்தனக்காரரைப் போன்றவர்.

இனிக் காலத்தைப் பற்றிய வினா. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் எழுதுகோலும் கையிலிருந்தால் நன்று. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிக்கும் முனையின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லி விநாடிக்குச் சற்று மிகுதி. முனை உரிய தடத்துக்கு நகர மேலும் எட்டு என்று கொள்வோம். ஆக, ஒரு வேண்டுகோளுக்கு 12 மில்லி விநாடி. விநாடிக்கு எண்பது வேண்டுகோள்களுக்கு மேல் அந்தத் தட்டால் நிறைவேற்ற இயலாது. பத்து மெய்நிகர் கணிப்பொறிகள் ஆளுக்கு இருபது கேட்டால் இருநூறு ஆயிற்று! ஆதலால்தான் பல தட்டுகளை இணைத்துச் சுமையைப் பரப்புகின்றனர். அசையும் உறுப்பற்ற திண்மநிலைச் சேமிப்பான்கள் வந்தபின் விநாடிக்குப் பல்லாயிரம் வேண்டுகோள்கள் நிறைவேறுகின்றன. எல்லை தொலைவுக்குச் சென்றதேயன்றி மறையவில்லை.

எல்லையை எட்டும் முன்னரே தொல்லை தொடங்கிவிடுவது ஏன்? வேண்டுகோள்கள் ஒழுங்காக வரிசைப்படி வருவதில்லை. சந்தைக்கு வரும் மக்களைப் போலச் சில வேளை கூட்டமாகவும் சில வேளை ஒருவரின்றியும் வருகின்றன. வரிசைகளை ஆராயும் கணிதத்தில் இதற்கோர் எளிய வாய்பாடு உண்டு. பணிக்கான காலத்தை, ஒன்றிலிருந்து சுமையின் பின்னத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் மொத்தக் காத்திருப்பு கிடைக்கும். நம் தட்டு பாதிச் சுமையில் 24 மில்லி விநாடியில் விடை தரும், நூற்றுக்கு எண்பது பங்குச் சுமையில் 60, தொண்ணூறில் 120, தொண்ணூற்றைந்தில் 240. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குச் சுமை ஏறியது கொஞ்சம். காத்திருப்போ நான்கு மடங்காயிற்று. சுமையைச் சமன் செய்தல் என்னும் கலை முழுவதும் இந்த வளைவின் செங்குத்தான பகுதிக்குள் எந்தக் களஞ்சியமும் புகாமல் காப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

காக்கும் வழி யாது? பாரம் மிகுந்த களஞ்சியத்திலிருந்து ஒரு வட்டினைப் பாரம் குறைந்ததற்கு மாற்றுவது. 2011-இல் வி.எம்.வேர் நிறுவனம் தன் ஐந்தாம் பதிப்பில் இதனைத் தானே செய்யும் ஏற்பாட்டை வெளியிட்டது. ஒரு களஞ்சியம் நூற்றுக்கு எண்பது பங்கு நிறைந்தாலோ, விடை வர 15 மில்லி விநாடிக்கு மேல் ஆனாலோ, மாற்றுக என்று அது பரிந்துரைக்கும். காலதாமதத்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையே அது சீர்தூக்கியது. ஏன் இத்தனை பொறுமை என்று நீங்கள் வினவலாம். 500 ஜிகாபைட் வட்டை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் மாற்ற 5000 விநாடி, அதாவது ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைய ஆகும். அத்துணை நேரமும் பழைய களஞ்சியம் படிக்கும் சுமையையும் புதியது எழுதும் சுமையையும் மேலதிகமாகச் சுமக்க வேண்டும். பத்து நிமிட நெரிசலைக் கண்டு வீடு மாற்றுவோர் நெரிசலைப் பெருக்குவோரே ஆவர்.

இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின் வட்டை, அது நிற்காமலே எங்ஙனம் இடம் மாற்றுகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஆசிரியர் ஒருவர் தம் கையேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். மாணவன் அருகிலிருந்து அதனை முதற் பக்கத்திலிருந்து படியெடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவன் இன்னும் எட்டாத பக்கத்தில் ஆசிரியர் திருத்தினால் கவலையில்லை. பிறகு அவன் திருத்தத்தோடு எழுதிக்கொள்வான். படியெடுத்து முடிந்த பக்கத்தில் திருத்தினால் இரு ஏடுகளிலும் ஒருங்கே திருத்த வேண்டும். அவன் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே திருத்த விரும்பினால், அது முடியும் வரை ஆசிரியர் சற்றுப் பொறுக்க வேண்டும். கடைசிப் பக்கம் முடிந்ததும் இரண்டு ஏடுகளும் ஒன்றே. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் எழுதுபவர் உணரவே மாட்டார். ஐந்தாம் பதிப்பில் கையாண்ட முறை இதுதான். அதற்கு முந்தைய பதிப்புகள் மாறிய பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வந்து அவற்றை மட்டும் படியெடுத்தன. எழுதுபவர் விரைவாக எழுதினால் படியெடுப்பவன் எந்நாளும் பின்தங்கியே நிற்கும் குறை அதில் இருந்தது.

மாற்றுமுன் ஆராய வேண்டியவை இரண்டை மட்டும் சொல்லுவேன். இரண்டு களஞ்சியங்கள் எனத் தோன்றுபவை, அடியில் ஒரே தட்டுக் கூட்டத்தின் மேல் அமைந்திருக்கலாம். ஒரே குதிருக்கு வைத்த இரண்டு வாய்கள் அவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதால் உழைப்பு வீணாகுமே தவிர வேகம் ஒரு துளியும் கூடாது. மற்றொன்று இதனினும் பெரிது. வங்கிக் கணக்கேடு போன்ற அருமையான தரவுக்கு இரண்டு கணிப்பொறிகளில் இரண்டு படிகள் வைத்திருப்பார்கள். சமநிலை ஒன்றையே நோக்கும் ஏற்பாடு அவ்விரண்டையும் ஒரே களஞ்சியத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அக்களஞ்சியம் பழுதாகும் நாளில் இரண்டும் ஒருசேரப் போகும். ஆகவே இவை இரண்டும் ஓரிடத்தில் சேரலாகாது என்று முன்கூட்டியே விதி எழுதி வைக்க வேண்டும். சுமை ஏறக்குறைய இருந்தால் மக்கள் சற்றுக் காத்திருப்பர்; இரு படிகளும் அழிந்தால் காத்திருந்து பயனில்லை.

திண்மநிலைச் சேமிப்பான்கள் பெருகிய இந்நாளில், சேமிப்புக் கருவிகளே சுமையைத் தமக்குள் பரப்பிக்கொள்கின்றன. அதனால் காலதாமதத்தை அளந்து வட்டுகளை இடம் மாற்றும் ஏற்பாட்டைக் கைவிடப் போவதாக எட்டாம் பதிப்பின் காலத்தில் வி.எம்.வேர் நிறுவனமே அறிவித்துவிட்டது. இடத்தைக் கணக்கிடும் வேலைக்கு அத்தகைய ஓய்வு வரவில்லை. வாக்களித்தது எவ்வளவு, எழுதப்பட்டது எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்த வேகத்தில் குறைகிறது என்னும் நான்கு எண்களை நாள்தோறும் ஒருவர் பார்த்தாக வேண்டியிருக்கிறது. 500 ஜிகாபைட் களஞ்சியத்தில் 300 நிரம்பி, நாளொன்றுக்கு 4 ஜிகாபைட் வளர்ந்தால், எண்பது பங்கு எல்லையை எட்ட 25 நாட்கள் உள்ளன. புதிய தட்டுகளை வாங்க அலுவலகத்தில் ஒப்புதல் பெற 40 நாட்கள் ஆகுமானால், விண்ணப்பம் என்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.