தண்ணீர்த் தாளமும் ஒரு டிரம்பெட்டும்



தண்ணீரைக் கையால் அறைந்து தாளம் போட முடியுமா? முடியும். நம் சிகாமட்டுக்கு வடக்கே, பகாங் மாநிலத்தின் தாசெக் பெரா ஏரியை ஒட்டி வாழும் செமெலாய் பூர்வகுடி மக்களிடம் அந்தக் கலை உண்டு. அவர்களின் தண்ணீர்த் தாளம் ஒன்று ஒலிப்பதிவாகி, 1981இல் ஓர் அமெரிக்கரின் இசைத்தட்டில் ஏறியது. தட்டின் பெயர் 'டிரீம் தியரி இன் மலாயா'. தமிழில் 'மலாயாவின் கனவுக் கொள்கை' எனலாம். ஊதியவர் ஜான் ஹாசல். மெம்ஃபிஸ் நகரில் 1937இல் பிறந்து, 2021இல் மறைந்தவர்.

டிரம்பெட்டைப் பேண்டு வாத்தியத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்றே பொத்தான்கள். சுரங்கள் தனித்தனிப் படிகளாக ஒலிக்கும். நம் நாதசுரக்காரரோ துளையைப் பாதி மூடி, மூச்சையும் உதட்டையும் மாற்றி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வார். ஹாசலுக்கு அந்த வழுக்கல்தான் வேண்டியிருந்தது. இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் ராகம் பயின்றார். குருவின் குரல் வளைவதைப் போலவே தம் குழலையும் வளைக்கப் பழகினார். பிறகு அந்த ஒலியை மின்கருவி வழியே செலுத்தினார். ஒரு குழல் பல குழல்களாகக் கேட்டது.

இதை ஜாஸின் ஒரு கிளை என்பார்கள். ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. நம் மனோதர்மம் போல அந்த நேரத்துக் கற்பனைக்கு அதில் பெரிய இடம். ஆனால் இந்தத் தட்டில் வேகமோ ஆர்ப்பாட்டமோ கிடையாது. விடியற்காலை வெட்டுக்காட்டில் பனி இறங்குவது போல ஒலி மெல்லப் பரவும். "பாட்டு எங்கே?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்!

பெயரில்தான் சிக்கல். 1930களில் மலாயா வந்த கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், 1951இல் அதே தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செனோய் மக்கள் காலை உணவின்போது பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டுத் திருத்துகிறார்கள், அதனால்தான் அவர்களிடம் வன்முறையே இல்லை என்றார். கேட்க அழகான கதை. பின்னாளில் செனோய் மக்களோடு தங்கி ஆராய்ந்த ராபர்ட் டென்டன் போன்றோர் அப்படியொரு வழக்கத்தைக் காணவில்லை. தவிர, செனோய் வேறு, செமெலாய் வேறு. தட்டு இருவரையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது.

இசை கேட்கத் தக்கது. பெயருக்குப் பின்னால் உள்ள கதையை நம்ப வேண்டியதில்லை. உண்மை அதைவிடச் சுவையானது. செனோய் இனத்தின் ஒரு பிரிவான தெமியார் மக்கள், கனவில் தங்களுக்குக் கிடைத்த பாட்டுகளை நோய் தீர்க்கும் சடங்குகளில் பாடுகிறார்கள்.