பழைய குடியானவர் வீடுகளைப் பாதுகாத்தல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய இடங்களில் ஏரிப்பாய்ச்சலால் நெல் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி, 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டது. நிலத்தோடு பழைய குடியானவர் வீடுகளும் மறைகின்றன. தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் கிடைக்கும் விலையைக் கருதியே பல இடிக்கப்படுகின்றன.

இவற்றைக் காப்பாற்றும் வழியொன்றைச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிற் காணலாம். தென்னாட்டுப் பழைய வீடுகள் பல பிரித்துக் கொணரப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. தஞ்சைப் பகுதிக் குடியானவர் வீடும் அங்குண்டு. ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் இம்முறை 1891-லேயே கையாளப்பட்டது.

செய்முறை யாதெனில், பிரிக்குமுன் வீட்டை அளந்து படம் வரைந்து, தூண், உத்தரம், கைமரம் ஒவ்வொன்றுக்கும் எண் இடல் வேண்டும். அவ்வெண்களின்படியே மரங்கள் திரும்பப் பொருத்தப்படும். மண்சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோக இயலாது. அதைப் புதிதாகவே எழுப்ப வேண்டும்.

ஆயினும், பெயர்த்த வீட்டுடன் களமும் தொழுவமும் வைக்கோற்போரும் செல்வதில்லை. முற்றம் நெல் உலர்த்துவதற்கும், குதிர் அதைச் சேமிப்பதற்கும் அமைந்தவை. வயலைவிட்டு அகன்றபின் அவை வெறுங் காட்சியே. ஆகையால் இயன்றவரை நின்ற இடத்திலேயே காப்பது உத்தமம். வருஷந்தோறும் மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றிக் கறையானைக் கவனித்துவரின், மரவேலை பல தலைமுறை நிற்கும். இடித்தே தீரவேண்டுமாயின், நிலக்காரர் முதலில் வீட்டின் அளவுகளையும் புகைப்படங்களையும் எடுத்து, ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவைத்தல் நலம்.