85-க்கு மேல் எண் இல்லை

1980-ல் அமெரிக்காவில் ஒருவர் புது ஜப்பானிய 1000 சி.சி. பைக்கை வாங்கி ஓட்டிவந்தால், ஹேண்டில்பாருக்கு நடுவே இரண்டு வட்ட டயல்கள் இருக்கும். வலப்பக்கத்தது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்லும் டேகோமீட்டர். அதில் எண்கள் 9000, 10,000 என்று தாராளமாக ஏறும். இடப்பக்கத்தது ஸ்பீடோமீட்டர். அதில் 55 மட்டும் எடுப்பாகத் தெரியும். எண்கள் 85 மைலோடு முடிந்துவிடும். நம் கணக்கில் 137 கிலோமீட்டர். பைக்கோ 200 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. மூன்றாவது கியரில் நன்றாக முறுக்கினாலே முள் கடைசி எண்ணில் போய் முட்டிக்கொள்ளும்.

இது கம்பெனியின் கஞ்சத்தனம் இல்லை, அரசின் உத்தரவு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெட்ரோலை மிச்சப்படுத்த அமெரிக்கா 1974-ல் நாடு முழுவதும் 55 மைல் என்று வேக உச்சவரம்பு வைத்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தலைவராக ஜோன் கிளேபுரூக் இருந்த காலத்தில், 1979-ல், அடுத்த விதி வந்தது. ஸ்பீடோமீட்டரில் 85-க்கு மேல் எண் கூடாது. 55 தனியாகத் தெரிய வேண்டும். பெரிய எண் கண்ணில் பட்டால்தானே ஆசை வரும், எண்ணையே எடுத்துவிட்டால்? குழந்தைக்குத் தெரியாமல் மிட்டாய் டப்பாவை மேல்தட்டில் வைப்பது போன்ற யோசனை. டப்பா எங்கே இருக்கிறது என்பது எல்லாக் குழந்தைக்கும் தெரியும். 1982-ல் அதே அமைப்பு, குறிப்பிடத்தக்க பாதுகாப்புப் பயன் எதுவும் இல்லை என்று சொல்லி விதியை விலக்கிக்கொண்டது.

அந்த விதியின் தழும்பு ஒரு சினிமாவிலும் உண்டு. 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் டெலோரியன் கார் 88 மைல் வேகத்தைத் தொட்டால்தான் காலத்தைத் தாண்டும். நிஜ டெலோரியனின் ஸ்பீடோமீட்டரோ 85-ல் நின்றுவிடும். படக்குழு 95 வரை எண் போட்ட டயலை மாட்டித்தான் காட்சியை எடுத்தது.

படக்குழுவுக்கு டயல் போதும். சாலையில் ஓடும் பைக்குக்குப் போதாது. ஏன் என்று தெரிய மீட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முன்சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு பல்சக்கரம் மீட்டர் கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனையில், மீட்டருக்குள், ஒரு நிலைக்காந்தம் சுழல்கிறது. காந்தத்தின் மேல் கவிழ்த்த மாதிரி ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் தண்டில்தான் முள். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பதும் நமக்குத் தெரியும். பிறகு முள் எப்படி நகர்கிறது? செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் அது தடாலென்று விழாமல் மெல்ல மிதந்து இறங்குவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். நகரும் காந்தம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பும். அந்த மின்னோட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையிலான வேக வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்கும். குழாயில் அது காந்தத்தைத் தடுத்தது; மீட்டரில் கிண்ணத்தைக் கூடவே இழுக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

கிண்ணத்தை அப்படியே விட்டால் அதுவும் காந்தத்தோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. காந்தம் இருமடங்கு வேகமாகச் சுற்றினால் இழுப்பும் இருமடங்கு. வில்லும் இருமடங்கு முறுக்கிக்கொண்ட பிறகுதான் சமநிலை. முள் திரும்பும் கோணம் வேகத்துக்கு நேர்விகிதமாக அமைவதும், டயலில் எண்களைச் சம இடைவெளியில் அச்சடிக்க முடிவதும் இதனால்தான். வெயிலில் அலுமினியத்தின் மின்தடை கூடி, முள் கொஞ்சம் இறங்கப் பார்க்கும். அதைச் சரிக்கட்டக் காந்தத்தோடு நிக்கல்-இரும்புக் கலவைத் தகடு ஒன்றை வைப்பார்கள். இவ்வளவு நுணுக்கம் உள்ளங்கையளவு டப்பாவுக்குள்.

இப்போது 85 மைல் மீட்டரில் 150 மைல் டயலை மட்டும் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். இரண்டிலும் முள் சுற்றும் வளைவு ஒரே அளவு என்றால், நிஜமாக 60 மைலில் போகிறவருக்கு மீட்டர் 106 காட்டும். எண் பெரிதாகும், வேகம் பொய்யாகும். உண்மையில் வீச்சைக் கூட்ட, விறைப்பான சுருள்வில் போட வேண்டும், அல்லது காந்தத்தைத் தளரவைக்க வேண்டும். இரண்டாவது கேட்க விநோதமாக இருக்கலாம், ஆனால் மீட்டர் பழுதுபார்ப்பவர்களுக்குப் பழகிய வேலை. காந்தத்துக்கு முதலில் முழு வலுவேற்றிவிட்டு, மின்சுருள் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வலுவைக் குறைத்து, தெரிந்த வேகத்தில் முள் சரியான எண்ணுக்கு வரும்போது நிறுத்துவார்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது போலத்தான்.

இதற்குப் பொறுமையில்லாதவர்களுக்கு எளிய வழி முழு மீட்டரையும் மாற்றுவது. அதே பைக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் கிலோமீட்டர் டயலோடு விற்றது. ஜப்பானிய பைக்குகளில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று என்பது பொதுவான அளவு. அதனால் ஒரே மாடலின் மீட்டர்கள் இடம் மாறினாலும் சரியாகவே காட்டும். வேறு குலத்து மீட்டரைக் கொண்டுவந்தால்தான் வம்பு. பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் மைலுக்கு 1600 சுற்று என்ற அளவு பரவலாக இருந்தது. அந்தச் சக்கரத்தில் ஜப்பானிய மீட்டரை மாட்டினால் 100-ல் போகும்போது 71 என்று காட்டும். போலீஸ்காரரிடம் அதைக் காரணமாகச் சொல்லிப் பார்க்கலாம். பல மீட்டர்களில் டயலின் அடியிலேயே பொடி எழுத்தில் இந்தச் சுற்று எண்ணிக்கை அச்சாகியிருக்கும். பழைய மீட்டர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், மேலே இருக்கும் பெரிய எண்ணை அல்ல.

மீட்டரை மாற்றினால் இன்னொரு சிக்கல், அதற்குள் இருக்கும் ஓடோமீட்டர். வண்டி இதுவரை ஓடிய தூரமும் பழைய மீட்டரோடு கழன்று போய்விடும். ஓடிய கணக்கைக் குறைத்துக் காட்டி விற்கும் மோசடியைத் தடுக்க அமெரிக்காவில் 1972-லேயே சட்டம் வந்திருந்தது. மாற்றிய மீட்டரில் பழைய எண்ணைக் கொண்டுவர முடியாவிட்டால், பூஜ்யத்தில் வைத்துவிட்டு, முன்பு ஓடிய தூரத்தை எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பைக்கில் கதவு எங்கே இருக்கிறது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெரிய எண்ணின் மீதான மோகம் இந்த 85 மைல் விதியால் பிறந்தது அல்ல. 1948-ல் வந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ பைக்கில் ஐந்து அங்குல அகல ஸ்மித்ஸ் மீட்டர் எழுந்து நிற்கும். அதில் 150 மைல் வரை எண் உண்டு. வண்டி போனதென்னவோ ஏறக்குறைய 125. மீதி 25 மைல் விளம்பரம். அதே ஆண்டு செப்டம்பரில், போனவில் உப்புவெளியில், வின்சென்ட்டின் பந்தய பைக் ஒன்றில் பந்தய வீரர் ரோலி ஃப்ரீ நீச்சல் கால்சட்டை அணிந்து, குப்புற நீட்டிப் படுத்தபடி 150.313 மைல் வேகம் போனார். அதை அளந்தது நேரக்கருவி, டயல் அல்ல.

இன்றைய பெரும்பாலான பைக்குகளில் கேபிளும் இல்லை, கிண்ணமும் இல்லை. சக்கரத்தருகே உள்ள சென்சார் துடிப்புகளை எண்ணுகிறது. எந்த எண் வரை காட்டலாம் என்பது மென்பொருளில் ஒரு வரி. கோயம்புத்தூரின் பிரிக்கால் போன்ற மீட்டர் கம்பெனிகளே முள் காலத்திலிருந்து திரைக் காலத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் எண்ணின் அரசியல் போகவில்லை. 1999-ல் வந்த சுஸுகி ஹயபுசாவின் டயலில் 350 கிலோமீட்டர் வரை இருந்தது. பைக் 300-ஐத் தாண்டியதும் ஐரோப்பாவில் தடை வந்துவிடுமோ என்ற பேச்சு எழுந்தது. கம்பெனிகள் தாமாகவே 299-ல் கட்டுப்படுத்த ஒத்துக்கொண்டன. டயலின் உச்சி எண்களும் காணாமல் போயின.

அந்த எண்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஐ.நா.வின் 39-ஆம் எண் விதிப்படி மீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: பைக்குக்கு நிஜ வேகத்தில் பத்து சதவீதமும், அதன்மேல் 8 கிலோமீட்டரும். நேற்று பைபாஸில் மீட்டரில் 120 பார்த்தேன் என்று சொல்லும் நண்பர், இந்த விதியை ஒட்டிய மீட்டரிலேயே, நிஜத்தில் 102-ல் போயிருக்கலாம்.

மீண்டும் 1980-ன் அந்த பைக்குக்கு வருவோம். மீட்டரை மாற்ற மனமில்லாதவருக்கும் டேகோமீட்டரை வைத்து வேகத்தை அறிய வழி இருந்தது. டாப் கியரில் இன்ஜின் ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று, சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 சுற்றில் நிமிடத்துக்கு 2400 மீட்டர். மணிக்கு 144 கிலோமீட்டர், ஏறக்குறைய 90 மைல். இடப்பக்க முள் 85-ல் முட்டி நிற்கும்போது, வலப்பக்கத்து டயலில் இன்னும் குறைந்தது 3000 சுற்றுக்கு இடம் இருந்தது. அதை மறைக்கச் சொல்லி யாரும் விதி எழுதவில்லை.