உங்களுக்குத் தெரியுமா? வாசலில் காவல், கணினியில் ஓட்டை

திருகோணமலை சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் பிரிட்டிஷார் கட்டியவை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. ஆனால் இன்று எரிபொருள் விநியோகத்தை முடக்கக் குண்டு வேண்டாம்; ஒரு பழைய கடவுச்சொல்லே போதும்.

■ மறந்துபோன கணக்கு: 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய்வழி நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் இணையத் திருடர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கணக்கின் வழியே. மாட்டியவை அலுவலகக் கணினிகள்தான். ஆனாலும் சுமார் 8,850 கிலோமீட்டர் குழாய்வழியை நிறுத்த வேண்டியதாயிற்று. கொடுத்த கப்பம் 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 இலட்சம் டொலர்.

■ ஒரே வலையில் நகலும்: 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. இணைப்பிலேயே இருந்த காப்பு நகலும் சேர்ந்து பூட்டப்பட்டது. சுமார் 5,000 அரச முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின.

■ நம்பிய மென்பொருள்: 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் அப்டேட்டோடு நொட்பெட்யா வைரஸ் பரவியது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் குழுமம் நடத்திய மும்பை ஜவகர்லால் நேரு துறைமுக முனையமும் முடங்கியது. மேர்ஸ்க் மீண்டெழ உதவியது, மின்வெட்டால் அணைந்து கிடந்ததால் வைரஸிடமிருந்து தப்பிய, கானா கிளையின் ஒரு சேர்வர்!

■ உங்கள் கடையில்: வேலையை விட்டுப் போனவரின் கணினிக் கணக்கை அன்றே மூடுங்கள். கடையின் வரவு செலவுக் கணக்குகளின் நகல் ஒன்றை ஹார்ட் டிஸ்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பருக்குக் கோல் எடுத்துக் கேட்டபின் காசு அனுப்புங்கள். சிக்கலா? கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் அவசர இலக்கம்: 101.