அலாஸ்கா கப்பல் பில்லில் யாருக்கு எவ்வளவு?

கோடை பிறந்தால் சியாட்டல் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வேலை தானாக வந்து சேரும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள். அவர்களை அலாஸ்கா கப்பலில் அழைத்துப்போக வேண்டும். எங்கள் வட்டத்தில் டிக்கெட் போடும் பொறுப்பைப் பெரும்பாலும் என்னிடம்தான் விடுவார்கள். பால்கனி அறையா, உள்ளறையா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். பேச்சு நீள்வது பில்லின் அடியில் 'வரிகள், கட்டணங்கள், துறைமுகச் செலவுகள்' என்று தனியாக நிற்கும் தொகையைப் பற்றித்தான். ஏழு இரவுப் பயணத்தில் அது தலைக்கு 200 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "இதுல கவர்மென்ட்டுக்குப் போறது எவ்வளவு, கப்பல்காரன் எடுத்துக்கிறது எவ்வளவுப்பா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அரசாங்கத்துக்குப் போவதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசு கப்பல் பயணி ஒருவருக்கு 3 டாலர் வாங்குகிறது. அலாஸ்கா மாநிலம் வாங்குவதுதான் பெரிது. 2006இல் அங்கே மக்களே ஓட்டுப் போட்டு, பெரிய கப்பல்களில் வரும் பயணிகளுக்குத் தலைவரி கொண்டுவந்தார்கள். கப்பல் நிறுவனங்கள் போர்க்கொடி தூக்கவே, 2010இல் அதை 34 டாலர் 50 சென்ட்டாகக் குறைத்தார்கள். அதில் ஒரு பங்கு கப்பல் நிற்கும் ஊர்களுக்குப் போகிறது. இது போதாதென்று ஜூனோ, கெச்சிகன் போன்ற ஊர்களுக்குத் தனி வரியும் உண்டு.

ஜூனோவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய கடலோர நடைபாதையில் போனால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும் ஒரு வெண்கலத் திமிங்கலத்தைப் பார்க்கலாம். சிலைக்கான பணம் நன்கொடையாக வந்தது. அதைச் சுற்றியுள்ள பூங்காவுக்கும் நடைபாதைக்கும் நகராட்சி பயணிகளின் வரிப்பணத்தைச் செலவிட்டது. அப்போது ஊர் வாங்கிய வரி தலைக்கு 8 டாலர். 'பயணிகளிடம் வாங்கிய காசில் கப்பலுக்குச் சம்பந்தமில்லாத பூங்கா கட்டுவதா?' என்று கப்பல் நிறுவனங்களின் சங்கம் 2016இல் வழக்குப் போட்டது. மாநிலங்கள் தம் விருப்பத்துக்குக் கப்பல்களுக்கு வரி போட அமெரிக்க அரசியல் சாசனம் இடம் தரவில்லை. கப்பலுக்குச் செய்யும் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வரி வாங்குவது செல்லும், ஆனால் அந்தப் பணம் கப்பலுக்குச் செய்யும் சேவைக்கே செலவாக வேண்டும் என்றார் நீதிபதி. மறு வருடம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நம் 8 டாலருக்குக் கணக்குக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அப்பாவின் கேள்வியில் இரண்டாம் பாதி கொஞ்சம் சிக்கலானது. கப்பலைக் கட்டி நிறுத்த வாடகை, வழிகாட்டி மாலுமிக்குக் கூலி, முனையத்தின் பாதுகாப்புச் செலவு எல்லாம் 'துறைமுகச் செலவு' என்ற பெயரில் அந்தத் தொகைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. இவை வரி அல்ல, தொழில் நடத்தும் செலவு. ஒருகாலத்தில் இதில் பெரிய முறைகேடு நடந்தது. விளம்பரத்தில் டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, துறைமுகத்துக்குக் கட்டியதைவிட அதிகமாகப் பயணிகளிடம் வசூலித்து மீதியை வைத்துக்கொண்டார்கள். 1997இல் ஃபுளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டு, ஆறு நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்கினார். 2000இல் அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், துறைமுகக் கட்டணம் என்று வாங்கித் தானே வைத்துக்கொள்வது ஏமாற்று வேலைதான் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியா சட்டம், தவிர்க்க முடியாத கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்க்கச் சொல்கிறது. அதனால் பல பெரிய நிறுவனங்கள் அமெரிக்கா முழுக்க மொத்த விலையைக் காட்டத் தொடங்கின. இந்தியாவிலிருந்து முகவர் மூலம் டிக்கெட் எடுப்பவர்களை அந்தச் சட்டம் காப்பாற்றாது. முதலில் சொல்லும் விலையில் எது சேர்ந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

'மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இலவசம்' என்ற சலுகையைப் பார்த்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். இலவசம் என்பது டிக்கெட் விலைக்கு மட்டும்தான். வரியும் துறைமுகச் செலவும் தலைக்குத் தலை உண்டு, சிறு பிள்ளைக்கும் உண்டு. ஊழியர்களுக்கான டிப்ஸும் அப்படித்தான். பல நிறுவனங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகக் கணக்கில் ஏறும். 18 டாலர் என்று வைத்தாலும், நால்வருக்கு ஏழு நாளில் 504 டாலர். அறையைச் சுத்தம் செய்பவரும் சாப்பாடு பரிமாறுபவரும் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பணத்தைத்தான். ஆகவே அதைக் குறைக்கச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்வதில்லை; பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடச் சொல்கிறேன்.

பலர் கேட்காமல் விட்டுவிடும் பணமும் ஒன்று இருக்கிறது. கடைசி நேரத்தில் பயணத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பாமல் போகலாம். ஆனால் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. மோசமான வானிலையால் ஒரு துறைமுகத்தில் நிற்காமல் போனாலும், அந்த ஊருக்கான கட்டணம் வழக்கமாகக் கப்பல் கணக்கில் வரவாகும். வரவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இறங்குவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.

பில்லில் எங்கேயும் காட்டாத ஒரு செலவும் உண்டு. சியாட்டலில் புறப்படும் அலாஸ்கா கப்பல்களில் பெரும்பாலானவை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நிற்கும். வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவர்களை இப்படிச் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவருவதானால், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். அது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு அமெரிக்க விசா கையில் இருந்தாலும் கனடா விசா தனியாக வேண்டும். பார்வையாளர் விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு இன்னும் 85. விக்டோரியாவில் இறங்காமல் அறையிலேயே இருந்துவிடுகிறோம் என்று சொன்னாலும் எடுபடாது. விசா இல்லாதவரைச் சியாட்டலிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். விசா வந்த பிறகுதான் அறை பார்க்கவே உட்காருவேன்.