கதையினின்று ஆட்டம் சமைத்தல்

விரும்பிப் பயின்ற நூலொன்றின் இறுதி ஏட்டைப் புரட்டியவுடன், கதைமாந்தர் நம்மைப் பிரிந்து போயினரே என்னும் ஏக்கம் தோன்றுதல் இயல்பு. அவ்வேக்கம் தீரச் சிலர் நூலை மீண்டும் முதலிலிருந்து படிப்பர். சிலர் நாடகமாக்கி நடிப்பர். சிலர் சித்திரம் எழுதுவர். இவற்றோடு வைத்து எண்ணத்தக்க முயற்சி மற்றொன்றும் உண்டு. அட்டையும் காயும் விதியும் வகுத்து, அக்கதையினின்று ஓர் ஆட்டத்தை வீட்டிலேயே சமைத்துக்கொள்ளுதல் அது. ஐந்து பாகங்களாக விரிந்த 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்முயற்சியின் நெறியை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கல்கி கிருஷ்ணமூர்த்தி, தம் பெயர் பூண்ட வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து எழுதிய கதை இது. ஊர்விட்டு ஊர் செல்லும் பயணங்களும், கைமாறும் ஓலைகளும், ஒட்டுக்கேட்கப்படும் இரகசியங்களும் இதில் மலிந்துள்ளன. ஆகலின் ஆட்டத்துக்கு வேண்டிய கருவிகள் யாவும் கதையிலேயே கிடைக்கின்றன. எனினும் கருவிகளைத் தேடுமுன் தெளியவேண்டிய வினா ஒன்று உளது. இவ்வாட்டத்தில் வெற்றி என்பது யாது?

இவ்வினா சிறிதன்று என்பதை இரண்டு ஆட்டங்களைக் கொண்டு உணரலாம். நம் பரமபத சோபான படத்தில் பாம்புகள் தீவினைகளையும் ஏணிகள் நல்வினைகளையும் குறிக்கின்றன. கருத்து உயர்ந்ததே. ஆயினும் ஆடுவோன் எதனையும் தேர்ந்துகொள்வதில்லை. விழும் எண்ணே அவனை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. இனி, அமெரிக்க மாது எலிசபெத் மேகி என்பார் 1904-இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவாடகையால் ஒருவர் செல்வம் பெருகப் பிறர் வறியராகும் கொடுமையைக் காட்டுதல் அவர் நோக்கம். அவ்வாட்டத்தின் வழிவந்ததே 1935-இல் பார்க்கர் சகோதரர் வெளியிட்ட 'மோனாபலி'. அதில் பிறரை வறியராக்குதலே வெற்றி! ஆகவே, ஆட்டம் கற்பிப்பது அட்டையில் எழுதிய நீதியையன்று, வெற்றியின் விதியையே என்பது பெறப்படும்.

நம் கதைக்கு வருவோம். அதன் ஐந்தாம் பாகத்தின் பெயர் 'தியாக சிகரம்'. தன்னை நாடிவந்த மணிமகுடத்தை அருள்மொழிவர்மன் உத்தம சோழனுக்கு அளிப்பதே கதையின் உச்சி. இது வெறுங் கற்பனையன்று. மக்கள் வேண்டியும், சிறிய தந்தை அரசை விரும்பியமையால் அவன் அதனை ஏற்றிலன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் இராசராசனாய் அரியணை ஏறியது பின்னர் 985-இல். இக்கதையை வைத்துக்கொண்டு, 'முந்திச் சென்று மகுடத்தைப் பற்றுவோன் வென்றான்' என விதி செய்யின், கதையின் பெயர் அட்டையில் இருக்கும், கதை இராது. இனி, எம் விடுதித் தோழர் நால்வர் கூடிச் சமைத்த ஆட்டத்தின் அமைப்பைக் கூறுவோம்.

களம்: இரண்டடிச் சதுரமான தடித்த அட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டி, சோழநாட்டுப் படம் வரைதல் வேண்டும். மேலே காஞ்சி, அதன்கீழ் முறையே வீரநாராயண ஏரி, கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை, கடலுக்கு அப்பால் இலங்கை. இவற்றிடையே முறையே 8, 2, 4, 3, 4, 8, 8 அடிகளாக வட்டங்கள் இடுக. மொத்தம் 37 அடிகள். குடந்தையிலிருந்து நாகை வழியாகக் கோடிக்கரைக்கு ஒரு கிளைவழியும் அமைக்க. நிலப்படத்தின் அளவை அப்படியே பின்பற்றுதல் ஆகாது. குடந்தையும் பழையாறையும் மிக அணித்தாயிருத்தலின் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

எண் காண்டல்: நான்கு புளியங்கொட்டைகளை ஒருபுறம் வெண்மை தோன்றக் கல்லில் தேய்த்துக்கொள்க. வீசியபோது மேல்நோக்கிய வெண்மைகளின் தொகையே எண். யாவும் கறுப்பாயின் எட்டு. நான்கு கொட்டைகள் விழும் வகை பதினாறு. அவற்றுள் இரண்டு என்னும் எண் ஆறு வகையாலும், ஒன்றும் மூன்றும் நந்நான்கு வகையாலும், நான்கும் எட்டும் ஒவ்வொரு வகையாலும் வரும். சராசரி இரண்டரை. கையால் தேய்த்த கொட்டையில் இக்கணக்குச் சிறிது பிறழலாம். எனினும் ஆறுமுகப் பகடையைப்போல எல்லா எண்ணும் சமமாய் வாராமையால், ஆடுவோன் தன் வழியை ஒருவாறு முன்னரே எண்ணிக்கொள்ள இடமுண்டு.

ஓலைகள்: பழைய மணவோலைகளை நறுக்கி 60 சீட்டுகள் செய்து, பாகத்துக்குப் பன்னிரண்டாக ஐந்து கட்டுகள் ஆக்குக. ஒவ்வொரு கட்டிலும் திருமுகம் ஐந்து, இடையூறு நான்கு, துணை மூன்று. ஆடுவோர் நால்வர், யாவரும் காஞ்சியிலிருந்து புறப்படுவர். ஒவ்வொருவரும் தம் முறையில் கொட்டை வீசி நகர்ந்து, ஓர் ஓலை எடுப்பர். ஓலை தீர்ந்தால் ஆட்டம் தீரும். எனவே ஒருவர்க்குப் பதினைந்து முறையே கிடைக்கும். காஞ்சியிலிருந்து இலங்கை வரை ஒருமுறை செல்வதற்கே அவை ஏறக்குறையச் சரியாகும். எல்லா இடத்துக்கும் போதல் இயலாது. போகுமிடத்தைத் தேர்தல் வேண்டும். கதையின் சுவை சில இங்கே வந்து பொருந்தும். 'சுழற்காற்று' ஓலை வரின் கடலில் உள்ளோன் ஒருமுறை அசையலாகாது. குடந்தையில் உள்ளோன் சோதிடரை அணுகி, மேலிருக்கும் இரண்டு ஓலைகளைப் பார்க்கலாம். நாகையின் சூடாமணி விகாரத்தில் தங்கியோனை எவ்விடையூறும் தீண்டாது.

செல்வாக்கும் அமைதியும்: காஞ்சியில் மலையமான், கடம்பூரில் சம்புவரையர், தஞ்சையில் பழுவேட்டரையர், இலங்கையில் கொடும்பாளூர் வேளார் ஆகியோர் துணையை ஆடுவோர் நாடலாம். அவ்விடங்களை எய்தியோன் மஞ்சாடி விதை ஒன்று பெறுவான்; விரும்பின் இரண்டும் பெறலாம். ஆனால் இரண்டு பெறின், களத்தின் நடுவே நாட்டமைதியைக் குறித்து வைத்த இருபது சோழிகளில் ஒன்று நீங்கும். திருமுகத்தை உரிய ஊரிற் சேர்ப்பித்தால் நீங்கிய சோழி ஒன்று மீளும். சோழிகள் முற்றும் தீர்ந்தால் நால்வரும் தோற்றவரே. நாடு உட்பகைக்கு இரையாயிற்று என்க.

கடம்பூர் இரவு: ஆதித்த கரிகாலன் கொலையில் ஐயத்துக்குரியார் நால்வர் பெயரை நான்கு சிற்றோலைகளில் எழுதி, ஒன்றை எவரும் காணாது உறையிலிட்டு ஒட்டிவிடுக. பிற்பாகக் கட்டொன்றில் மறைந்துள்ள 'கடம்பூர் இரவு' ஓலை வெளிப்படுங்கால் மூன்று சோழிகள் நீங்கும். அப்பொழுது கடம்பூருக்கு மிக அணுகி நிற்போன், வந்தியத்தேவனைப்போல, பழி சுமந்து ஒருமுறை சிறையிருப்பான். உறையையோ ஆட்டம் முடிந்த பின்னும் திறத்தல் ஆகாது. ஆசிரியர் ஐயமறக் கூறாது விட்டதை அட்டை கூறிவிடலாகாது அன்றோ?

மகுடம்: இறுதியில் விதை மிகுதியாக உடையோன் முன் மகுடம் வைக்கப்படும். அதனை அவன் தானே சூடின் ஐந்து சோழிகள் நீங்கும்; சோழி எஞ்சினால் வெற்றி அவனது, எஞ்சாவிடில் யாவரும் தோற்றவர். பிறனொருவனுக்குச் சூட்டினாலோ சோழி ஒன்றும் நீங்காது. வெற்றி மகுடம் பெற்றவனுக்கே உரியது. கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை.

இவ்விடத்தே எம்முள் வழக்கு எழுந்தது. துறந்தவனுக்கும் பத்து எண்ணேனும் அளித்தல் நீதியன்றோ என்றார் ஒருவர். எண் அளிப்பின் அது துறவாகுமோ, பத்துக்கு விற்ற விலையாகுமோ என்றார் மற்றொருவர். பின்னவர் கூற்றையே கொண்டோம். ஈகைக்குப் பரிசு வைத்தால் ஆடுவோர் யாவரும் கணக்குப் பார்த்து ஈவர். அங்கு ஈகை இராது. விதி செய்யத்தக்கது, ஈதற்கு வழி திறந்து வைத்து அப்பாற் செல்லுதலே.

இவ்விதியை ஏற்று ஆடியபொழுது ஒரு நாள், பதினொரு விதைகள் கொண்ட தோழர் முன் மகுடம் வந்தது. நடுவில் ஏழு சோழிகள் இருந்தன. அவர் சூடியிருப்பின் ஐயமின்றி வென்றிருப்பார். நாட்டுக்கு எஞ்சுவன இரண்டு சோழிகளே. சிறிது நேரம் சோழிகளை நோக்கியிருந்து, மூன்றே விதை உடையவர் தலையில் மகுடத்தை வைத்துவிட்டார். வென்றவர்க்கு நாணம், ஏனையோர்க்கு வியப்பு. 'இஃது ஆடத் தெரியாமை' என்றார் ஒருவர். 'கதையைப் படிக்கத் தெரிந்தமை' என்றார் மற்றவர். விளக்கணைக்கும் மணி அடிக்கும் வரை அவ்வாதம் ஓயவில்லை. ஐந்து பாகத்தையும் முன்னரே படித்திருந்த நாங்கள், இறுதிப் பாகத்தின் பெயரைக் குறித்து அத்துணை நேரம் பேசியது அன்றே.

ஆகவே நண்பர்காள், நும் உள்ளங் கவர்ந்த கதை எதுவாயினும், அட்டை நறுக்குமுன் அதன் ஆசிரியர் இறுதியில் எதனை உயர்த்திக் காட்டினார் என ஆராய்மின். அதனை ஆட்டத்தில் இயல்வதாக்குமின், எளியதாக்கன்மின், அதற்குக் கூலியும் வையன்மின். அதன்பின் புளியங்கொட்டையைத் தேய்க்கத் தொடங்கலாம்.